இரண்டாவது பொட்டலம்

கடவுள் இல்லை என்று காட்ட நான் ஒரு சாட்சியத்தைத் தயாரித்தேன். தயாரித்தேன் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். தேவகோட்டைக் கோர்ட்டில் பல காலம் வக்கீலாக இருந்தவன் நான். எதிர்த்தரப்பினர் சாட்சியைக் கலைத்தபோதெல்லாம் கொதித்துப் பேசியிருக்கிறேன். அதே நான் ஒரு பொய்யைக் கட்டி ஒரு குழந்தையின் கையில் கொடுத்தேன். பிறகு அந்தக் குழந்தையையே சாட்சியாகக் காட்டி மேடையில் வாதாடிக் கைதட்டல் வாங்கினேன்.

என் கூடப்பிறந்த அக்கா உமையாள் ஆச்சி இப்போது இல்லை. அவர் மகள் வள்ளியம்மையிடம், இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க அம்மான். ஆனா ஆஸ்பத்திரியில கெடந்ததையும் சேத்து எழுதுங்க. நீங்க பயந்ததை மட்டும் விட்டுராதீக" என்றாள். அதனால் பயத்தை விடாமல் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பது எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு காரியத்தைச் செய்யலாமா, கூடாதா என்று சாமியிடம் உத்தரவு கேட்கும் வழக்கம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிச் சாமி முன்னால் குலுக்கிப் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். குழந்தை எடுக்காமல் விட்ட இரண்டாவது பொட்டலத்தை மட்டும் எங்கள் கோயிலில் யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதை அப்படியே ஊருணியில் போட்டுவிடுவார்கள்.

என் குற்றம் அந்தப் பிரிக்காத பொட்டலத்துக்குள் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். ஆச்சியின் கணவருக்கு, அதாவது என் அயித்தானுக்கு, வயிற்றில் புண். சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. காரைக்குடி டாக்டர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ஆச்சி, பள்ளத்தூர்ப் பிள்ளையார் உத்தரவு கொடுக்காமல் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்று நின்றுவிட்டார். ஒரு நாள் தீட்டு, ஒரு நாள் கரிநாள் என்று பூக்கட்டுவதும் தள்ளிக்கொண்டே போனது. அயித்தான் ஈரத் துணி மாதிரி துவண்டு கிடந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருவழியாக ஒரு காலையில் கோயிலுக்குப் போனோம். "சொக்கு, நீ பூவைக் கட்டி வையி, நான் வெளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டு வாரேன்" என்று ஆச்சி தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தட்டில் வெள்ளை நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. செவ்வரளியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

அயித்தானைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை உண்டு. இல்லாத ஒருவருடைய கையெழுத்தைப் போட்டால் அது எப்படிக் கள்ளக் கையெழுத்தாகும் என்ற வக்கீல் குறும்பும் அந்த நேரத்தில் மனதில் ஓடியது. அதுவும் உண்மைதான்.

பொட்டலத்தை எடுத்தது வள்ளி. அப்போது அவளுக்கு ஆறு வயது. பிரித்துப் பார்த்து, "வெள்ளை!" என்று கூவினாள். ஆச்சி அவளைத் தூக்கி அந்தக் கையில் முத்தமிட்டார். ஆபரேஷன் நடந்தது. அயித்தான் கண் விழித்துப் பேசினார். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் இதயம் நின்று போனது. "ரொம்பத் தாமதமாக் கொண்டுவந்துட்டீங்க" என்றார் டாக்டர்.

அதோடு நான் வாயை மூடியிருந்தால்கூட ஒருவேளை தேவலை. அடுத்த வருடம் காரைக்குடியில் ஒரு வாசகர் மன்றத்தில் கடவுள் உண்டா, இல்லையா என்று பட்டிமன்றம் வைத்தார்கள். நான் இல்லை என்ற அணி. ஏட்டுச் சான்றுகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்டம் கொட்டாவி விட்டது. என்னையறியாமல் அந்தக் கதையை எடுத்தேன். "நான் அறிந்த ஒரு வீட்டில் ஆறு வயதுக் குழந்தை தன்னைப் பெற்ற அப்பச்சிக்காகப் பொட்டலம் எடுத்தது. வெள்ளைப் பூ வந்தது. அப்பச்சி பிணமாக வந்தார். உத்தரவு கொடுத்தவர் எங்கே? கூண்டில் ஏற்றுங்கள், நான் குறுக்கு விசாரணை செய்கிறேன்" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. பெயர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லவும் வேண்டியதில்லை.

அயித்தான் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆனது. எழுபதுகளின் நடுவில் எனக்கு வயிறு கெட்டது.

முதலில் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பாரம். பிறகு சாயங்காலத்தில் வாந்தி. காலையில் சாப்பிட்ட கீரை மாலையில் கீரையாகவே வெளியே வந்தபோது பயந்தேன். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. படுக்கையில் புரண்டால் வயிற்றுக்குள் பாதி நிறைந்த குடத்தைக் குலுக்குவதுபோலச் சத்தம் கேட்கும். என் மனைவி விசாலாட்சி ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டாள். மறுநாளே என்னைக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அயித்தான் கிடந்த அதே ஆஸ்பத்திரி. அதே டாக்டர், தலை மட்டும் நரைத்திருந்தது.

வெறும் வயிற்றில் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையான ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பேரியம் என்று பெயர். எக்ஸ்ரே கதிர் அதற்குள் புகாது, அதனால் அது போகும் வழியெல்லாம் படத்தில் தெரியும். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் இரைப்பை ஒரு பெரிய பை மாதிரி தொங்கியது. குடித்ததெல்லாம் அடியில் தேங்கி நின்றது. குடலுக்குப் போகும் வாசல் அடைத்துக் கிடந்தது.

"பழைய புண்ணு ஆறி ஆறித் தழும்பாகி வாசலை மூடியிருக்கலாம். கட்டியும் இருக்கலாம். தெறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

"கட்டின்னா?"

"வக்கீலுக்கு நான் சொல்லணுமா?"

இரைப்பைக்கும் குடலுக்கும் வேறொரு இடத்தில் புது வழி வெட்டித் தைப்பதுதான் ஆபரேஷன். அதற்கு முன்னால் சில நாள் உடம்பைத் தேற்ற வேண்டும். மூக்கு வழியாக ரப்பர் குழாயை வயிற்றுக்குள் விட்டுத் தேங்கியதைக் கழுவி எடுப்பார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும்போது, "முழுங்குங்க, முழுங்குங்க" என்று நர்ஸ் சொல்வாள். செத்துவிடுவேன் என்று தோன்றும். கையில் குளுக்கோஸ் ஏறும். கண்ணாடிப் பாட்டிலில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். ஜன்னலுக்கு வெளியே புதுவயல் நெல் லாரிகள் கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்கும். வாழ்கிறவர்களின் சத்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

அயித்தானுக்கு வந்த அதே நோய். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பகலில் எனக்காக நானே வாதாடுவேன். எங்கள் பக்கத்தில் காப்பியும் காரமும் புகையிலையும் அதிகம், வயிற்றுப் புண் இல்லாத வீடு குறைவு, இரண்டு பேருக்கு ஒரே நோய் வந்தது தற்செயல், தண்டனை என்று சொல்ல ஆதாரம் இல்லை. நல்ல வாதம். வெளிச்சம் இருக்கும்வரை அது நின்றது. விளக்கை அணைத்தால் விழுந்துவிடும். யாரோ ஒருவர் பன்னிரண்டு வருடம் பொறுமையாக வாய்தா வாங்கிக்கொண்டு இப்போது கேஸை எடுத்திருக்கிறார் என்று தோன்றும். அப்படி ஒருவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வியர்க்கும்.

சாட்சியச் சட்டத்தில் மூன்று நிலை உண்டு. ஒன்று, நிரூபிக்கப்பட்டது. இரண்டு, பொய்யென்று நிரூபிக்கப்பட்டது. மூன்று, நிரூபிக்கப்படவில்லை. மூன்றாவது வேறு, இரண்டாவது வேறு என்று ஜூனியர்களுக்கு எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடவுள் விஷயத்தில் மட்டும் அந்த மூன்றாவதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஆச்சி தினமும் பள்ளத்தூர் பஸ்ஸில் வந்துவிடுவார். அயித்தான் போனபிறகு அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. வீட்டில் சாமி விளக்கையும் ஏற்றவில்லை. "உத்தரவு குடுத்துக் கொன்னவனுக்கு எதுக்கு வெளக்கு?" என்பார். என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருப்பார். "வயித்தைக் கெடுத்துக்கிறதுல எங்க வீட்டு ஆம்பளைகளை மிஞ்ச ஆளில்லை" என்று நர்ஸிடம் சொல்வார்.

வள்ளியும் கூட வருவாள். படித்து முடித்து வீட்டில் இருந்தாள். எனக்கு மோர்த்தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அவள்தான் கலக்குவாள். கலக்கி, டம்ளரை என் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடப் போவாள். முதலில் கூச்சம் என்று நினைத்தேன். கையில் ஊசி குத்தியிருந்ததால் ஸ்டூல் எனக்கு எட்டாது. ஒரு நாள் தாகம் தாங்கவில்லை.

"ஏத்தா, கையில குடுத்தா என்ன?"

"நர்சு வரட்டும் அம்மான்."

"உனக்குக் கை இல்லையா?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் கை வேணாம் அம்மான். நீங்க பொழைச்சு வரணும்."

கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பள்ளத்தூரில் விசேஷ வீட்டில் குங்குமத் தட்டை அவளிடம் கொடுக்க மாட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தையைத் தூக்க விட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பரீட்சைக்கு முன்னால் அவளிடம் பேனா வாங்க மாட்டேன் என்றாளாம். "நான் எடுத்த பூவாலதானே அப்பச்சி போனாக. மொதல்ல யாரும் அப்படிச் சொல்லலை. எங்கயோ கூட்டத்துல அந்தக் கதையைப் பேசுனாகளாம். அதுக்கப்புறம்தான்."

பேசியது யார் என்று அவளுக்குத் தெரியும். பழியாக அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் கோர்ட்டுக்கும் மேடைக்கும் போய்க்கொண்டிருந்தேன். அவள் எப்படி வளர்கிறாள் என்று கேட்டதில்லை. மோர்த்தண்ணீர் ஸ்டூலிலேயே இருந்தது. எனக்குத் தாகம் போய்விட்டது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து பிழைத்தால் சொல்லலாம், செத்தால் சொல்ல வேண்டியதே இல்லை என்று ஒரு கணக்குப் போட்டேன்.

இதற்கிடையில் விசாலாட்சி, "நீங்க வேணாம்னாலும் நான் பூக்கட்டிப் பாக்கத்தான் போறேன். வக்கீல் நோட்டீசு அனுப்புனாலும் சரி" என்றாள். வேறு சமயமாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அன்று என் வாயில் வந்தது வேறு.

"ரெண்டும் ரெண்டு நெறம்தானான்னு பாத்துக் கட்டு."

"பின்ன ஒரே நெறத்துலயா கட்டுவாக?" என்று என்னை வினோதமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் கண்டனூர்க் கோயிலுக்குப் போய்த் திரும்பும்வரை நான் பட்ட பாட்டை எழுதினால் என் பழைய நண்பர்கள் சிரிப்பார்கள். பூவில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளை வரட்டும் என்று படுத்துக் கிடந்தேன். கோயிலில் நான் இருந்திருந்தால் இந்த முறையும் இரண்டிலும் வெள்ளையைக் கட்டியிருப்பேன், எனக்காக. அந்த நினைப்பு வந்ததும் வெட்கமாக இருந்தது.

மத்தியானம் வந்தாள். குடையை மடக்கக்கூட இல்லை.

"செவப்பு" என்றாள்.

குருக்கள் வீட்டுக் குழந்தை எடுத்ததாம். "வெள்ளைன்னு பொய் சொல்லிரலாம்னுதான் பஸ்ஸு ஏறுனேன். வழியெல்லாம் வெள்ளை வெள்ளைன்னு சொல்லிப் பாத்தேன். இங்குட்டு வந்து உங்க மொகத்தைப் பாத்ததும் வாயில வரலை" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். என் உயிருக்காகக்கூட அவளால் அந்த ஒரு பொய்யைச் சொல்ல முடியவில்லை.

சிறிது நேரத்தில் டாக்டர் வந்தார். நாளைக் காலை முதல் ஆபரேஷன் உங்களுடையது, இந்தச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "சோறு எறங்காம எத்தனை நாள் இருப்பீங்க?" என்றார். சாயங்காலம் போடுகிறேன் என்றேன். அவர் தாளை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார்.

எழுதிக் கொடுத்தால் சிவப்புப் பூ. கொடுக்காவிட்டால் பட்டினிச் சாவு. பூவுக்கு அர்த்தமில்லை என்று மேடை மேடையாகச் சொன்ன என் கை அந்தத் தாளிடம் போகவில்லை. அப்போதுதான் ஆச்சியிடமிருந்து நான் எதைத் திருடினேன் என்பது எனக்குப் புரிந்தது. இதே மாதிரி ஒரு நாளில், இதே பயத்தில், அவர் ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்தது என்று நம்பினார். அந்தப் பதிலை நான் எழுதினேன். ஒரு குழந்தையின் கையால் அதில் முத்திரை குத்தினேன்.

சாயங்காலம் ஆச்சியும் வள்ளியும் வந்தார்கள். விசாலாட்சியை வெளியே போகச் சொல்லவில்லை. மூன்று பேரும் இருக்கும்போதே சொன்னேன்.

"ஆச்சி, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு. நான் அப்படித்தான் கட்டுனேன். செவ்வரளி என் பையில இருந்துச்சு. வள்ளி எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். அவ கை ஒண்ணும் செய்யலை."

விசிறிக்கொண்டிருந்த சேலைத் தலைப்பு நின்றது.

"ரெண்டும் வெள்ளையா?"

"ஆமா ஆச்சி."

"அப்ப அவன் ஒண்ணுமே சொல்லலையா?"

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

"பிள்ளையாரைத்தான்டா கேக்குறேன். நான் அவன்கிட்டக் கேட்டேன். அவன் வாயைப் பொத்திட்டு நீ பேசியிருக்கே." என்னை ஆச்சி டா போட்டதில்லை. "பன்னெண்டு வருசமா அவனை வைஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒரு வெளக்கு வச்சேனா? ஒரு சதுர்த்திக்குப் போனேனா? சொல்லாத சொல்லுக்கு அவனைத் தண்டிச்சுப்புட்டேனே."

அவருடைய முதல் அழுகை பிள்ளையாருக்காக. எனக்காகவோ, என் மேலோ இல்லை. நான் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் அடங்கியபிறகு கேட்டார்.

"நெசமாக் கட்டியிருந்தா என்ன வந்திருக்கும்?"

"தெரியாது ஆச்சி."

"செவப்பு வந்திருந்தா அவுக இருந்திருப்பாகளா?"

ஆபரேஷன் இல்லாவிட்டாலும் அயித்தான் பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் டாக்டர் சொல்வார். அதை ஆச்சியிடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

வள்ளி இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எனக்காகச் சொல்றீகளா அம்மான்? என் மனசு ஆறணும்னு?"

இல்லை என்றேன், உண்மை என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாவது பொட்டலம் எப்போதோ ஊருணியில் மக்கிப் போனது. அதைக் கட்டியவனைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கட்டியவனோ பொய்யன் என்று இப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

ஆச்சி எழுந்தார். விசாலாட்சி பூக்கட்டிப் பார்த்ததையும் சிவப்பு வந்ததையும் வராந்தாவிலேயே சொல்லியிருந்தாள். ஸ்டூலில் கிடந்த தாளை எடுத்து என் நெஞ்சின் மேல் வைத்தார்.

"கையெழுத்துப் போடு. உனக்குத்தான் சாமி இல்லையே. செவப்புப் பூ உன்னை என்ன பண்ணும்?"

போட்டேன். அந்தக் கையெழுத்தை எந்தக் கோர்ட்டிலும் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படிக் கோணியிருந்தது. ஆச்சி திரும்பிப் பார்க்காமல் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

காலையில் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் விசாலாட்சி என் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் தடுக்கவில்லை. மேலே வட்டமான விளக்கு. முகத்தில் ரப்பர் மூடியை வைத்தபோது இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு வாசனை வந்தது. மூச்சு முட்டியது. "விட்டுராதீக" என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடமாக இருக்கலாம். இதைப் பிற்பாடு ஒரு பக்தர் கேள்விப்பட்டு, கடைசியில் கூப்பிட்டீகள்ல என்று மகிழ்ந்தார். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று அவரிடம் சொன்னேன். ஆனால் கூப்பிட்டது உண்மை. அதை மறைக்கவில்லை.

கண் விழித்தபோது வயிற்றில் கனமான கட்டு, மூக்கில் குழாய். டாக்டர் குனிந்து, "கட்டி இல்லை. வெறும் தழும்புதான்" என்றார். அழக்கூட வலித்தது.

சில நாள் வாயில் ஒன்றும் தரவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டை மட்டும் நனைப்பார்கள். குழாயை எடுத்த அன்று ஒரு ஸ்பூன் தண்ணீர் தரலாம் என்று நர்ஸ் சொன்னாள். ஆச்சி வரவில்லை. வள்ளி மட்டும் தனியாக வந்திருந்தாள். டம்ளரில் தண்ணீர் எடுத்தாள். வழக்கம்போல ஸ்டூலில் வைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்கவில்லை. ஸ்பூனை என் வாயில் வைத்தாள், தண்ணீர் பாதி என் தாடையில் வழிந்தது. மிச்சத்தை விழுங்கினேன். நான் சொன்னதை நம்பிக் கொடுத்தாளா, நம்பலாமா என்று பார்க்கக் கொடுத்தாளா, அவளைக் கேட்கவில்லை. அன்று முழுவதும் என் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"இன்னும் உசுரோடதான் இருக்கீகளா?"

"தண்ணி குடு, சொல்றேன்."

முதல்முறையாகச் சிரித்தாள். தையல் இழுத்தது, நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் விசாலாட்சியின் கையில் ஒரு ஜோடி வளையல் குறைந்திருந்ததைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி பில்லை அவள் என் கண்ணில் காட்டவே இல்லை.

உடம்பு தேறியதும் வாசகர் மன்றத்து நண்பர்கள் வந்தார்கள். அவர்களுக்கு உற்சாகம். "சிவப்புப் பூ வந்தும் பிழைத்தீர்கள். இதைவிட என்ன வேண்டும்? இந்த வருடப் பட்டிமன்றத்தில் இதைச் சொல்லுங்கள்" என்றார்கள். போனேன். மேடையில் ஏறி, முன்பு இதே இடத்தில் நான் சொன்ன வெள்ளைப் பூ சாட்சியம் பொய், அதைச் செய்தவன் நான், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். அந்தக் குழந்தையின் பெயரையும் வள்ளியின் சம்மதத்தோடு சொன்னேன்.

"அப்படியானால் கடவுள் உண்டு என்கிறீர்களா?" என்று நடுவர் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது. சாட்சியைக் கலைத்தவன் அந்த வழக்கில் பேசக் கூடாது. நான் இறங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

இந்த முறை கைதட்டல் இல்லை. நண்பர்கள், ஆஸ்பத்திரி பயத்தில் மூளை குழம்பிவிட்டது என்றார்கள். பக்தர்கள், மன்னிப்புக் கேட்டதால்தான் சிவப்பு வந்தும் பிள்ளையார் விட்டுவிட்டார் என்றார்கள். பொய்யாக வந்த வெள்ளை கொன்றது, மெய்யாக வந்த சிவப்பு கொல்லவில்லை. இந்த இரண்டையும் யார் எந்தப் பக்கத்துக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம். நான் இழுக்கவில்லை. கோர்ட்டில் ஒரு ஜூனியர் என்னைக் கேட்டான், "சார், இன்னைக்கு மனுவுல ரெண்டு பூவும் வெள்ளையா?"

மேடையில் சொன்னது போதாது என்று பள்ளத்தூரில் ஆச்சி புகுந்த வீட்டுப் பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் போனேன். ஒரு பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அன்னைக்குப் பொய் சொன்னேன்றீக. இன்னைக்குச் சொல்றது மெய்யின்னு எதை வச்சு நம்புறது? ஆச்சி மகளுக்கு வரன் பாக்குறாகளாமே, அதுக்காகச் சொல்றீகளோ?" என்றார். நியாயமான குறுக்கு விசாரணை. எழுந்து வந்துவிட்டேன்.

ஆச்சி வீட்டில் மறுபடி விளக்கு எரிந்தது. என்னிடம் பேச்சு இல்லை. என் வீட்டில் அவர் அதற்குப் பின் கை நனைக்கவும் இல்லை.

பிறகு வள்ளிக்கு ஒரு வரன் வந்தது. பூக்கட்டிப் பார்க்க வேண்டும். ஆச்சி ஆள் அனுப்பினார். கோயிலுக்குப் போனேன். பங்காளிகள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார், அந்தப் பெரியவர் உட்பட. ஆச்சி தட்டை என் கையில் வைத்தார்.

"நீயே கட்டு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. ஒவ்வொரு பூவையும் தூக்கிக் காட்டிவிட்டுக் கட்டினேன். நார் இரண்டு தடவை நழுவியது. குருக்கள் குலுக்கிப் போட்டார். குழந்தையைத் தேடினார்.

"கொழந்தை வேணாம். வள்ளி எடுக்கட்டும்" என்றார் ஆச்சி.

வள்ளி எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. குருக்கள் மற்ற பொட்டலத்தை ஊருணிக்கு எடுத்தார்.

"அதையும் பிரிங்க."

"மத்ததைப் பிரிக்கிற வழக்கமில்லை ஆச்சி. சந்தேகப்பட்டதாயிடும்."

"சாமியை நான் சந்தேகப்படலை. கட்டுனவன் யாருன்னு தெரியுமில்ல?"

வள்ளி அதையும் வாங்கித் தானே பிரித்தாள். வெள்ளை. இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு பூவை வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள். வரன் கைநழுவிப் போன பெண்ணின் முகம் இல்லை அது. ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேணாம்னு சொல்லிட்டான். அவன் வாயாலயே சொல்லிட்டான்" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அந்த வரனை விட்டுவிட்டார்கள். அடுத்து வந்த வரனுக்கும் நான்தான் கட்டினேன், அன்றும் இரண்டையும் பிரித்தார்கள். வள்ளி இப்போது புதுவயலில் பேரன் பேத்தி எடுத்தவள். அந்தப் பக்கத்தில் பிறக்கும் குழந்தைக்கு நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்க அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் மட்டும் இன்றைக்கும் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் கோயிலை விட்டு வருவதில்லை. ஏன் என்று சின்னவர்கள் கேட்டால் வள்ளி என்னைக் கைகாட்டுகிறாள்.

முதல் வரனுக்குப் பூக்கட்டிய அன்று, இரண்டு பூவோடும் அவள் முதலில் போனது என்னை நம்பாத அந்தப் பெரியவரிடம். பிறகு என்னிடம். இரண்டு கையையும் என் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"ரெண்டு நெறம் அம்மான்" என்றாள்.